பழுது எங்கே?

மக்கள் தமக்கு ஒரு தீங்கு நேர்ந்தவிடத்து, அதன் காரணத்தைத் தேடுவதினும் அதற்குரிய ஆளைத் தேடுவதிற் பெருவிரைவு காட்டுவர். காரணம் பெரும்பாலும் ஆழத்தில் மறைந்து கிடப்பது. ஆளோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவன். ஆதலின் தேடும் பிரயாசைக்கு அஞ்சி, அருகில் நிற்பவன் தலைமீது பழியை ஏற்றிவிட்டு மனம் ஆறுகின்றோம். இவ்வுண்மையை யாம் வகுப்பிற் கற்றதும் உண்டு. சொற்போர் மேடையிற் பிறர்க்கு எடுத்துரைத்ததும் உண்டு. எனினும், உள்ளங்கையளவினதாகிய ஒரு வன்தட்டு எமக்கு அதனை உணர்த்தியவாறு வேறெதுவும் உணர்த்தியதில்லை. அவ்வரலாற்றைக் கல்லூரி அன்பர்களுக்கு ஒளியாது உரைத்தல் எம் கடனென எண்ணி இதனை எழுதப் புகுந்தோம்.

எம் பாட்டியார் பள்ளிவாயிலை மிதித்தறியாதவர். ஆயினும் நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளும் விடுகதைகளும் நெடுங்கதைகளும் அவர் நாவிற் குடிகொண்டிருந்தன. இரண்டு கோடை விடுமுறைகளில், ஊரில் எம் வீட்டுத் திண்ணையில் அவர் அருகமர்ந்து அவற்றைக் கைப்பேசியிற் பதிவு செய்தோம். வெற்றிலை இடிக்கும் ஓசையும், இடையிடையே கோழியை விரட்டும் அதட்டலும் அவற்றோடு கலந்து பதிந்தன. கோடையிற் கிடைத்தவை 41. பின்னர்க் கிறிஸ்துமஸ் விடுமுறையிற் கிடைத்தவை 2. ஆக 43 பதிவுகள். ஊருக்குச் சென்றால் நேரிற் கேட்கலாமன்றோ என்னும் எண்ணத்தால், அவற்றின் அருமையை அப்பொழுது யாம் முற்றும் உணர்ந்தோமில்லை.

கைப்பேசியில் இடம் போதாமையின் அவற்றை மடிக்கணினிக்கும், மடிக்கணினி பழையதும் சிறு கொள்ளளவினதும் ஆதலின் அங்கிருந்து ஒரு புற வன்தட்டுக்கும் மாற்றி வந்தோம். நகல் எடுத்தோமல்லோம், மாற்றினோம். இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு பின்னர் விளங்கும். வன்தட்டு ஒரு டெராபைட் கொள்ளளவினது, அதனுள்ளே தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது, யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றினாலேயே மின்சாரத்தையும் செய்தியையும் ஒருங்கே பெறுவது. எம் மடிக்கணினி லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் நடப்பது. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்க, பின்பு பல நாட்டாரும் கூடி வளர்த்துவரும் தளம் அது. மாணவர் ஒருவர் கைவண்ணம் என்பதனாலேயே எமக்கு அதன்பாற் பற்று மிகுதி.

நிற்க. ஜனவரி மாதக் கடைசியில் ஒருநாள் மாலை, விடுதியில் எமக்கு அடுத்த அறையில் வதியும் முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து, "அண்ணா, இன்று ஓர் இரவுக்கு ஹார்டு டிஸ்க் கிடைக்குமா? பாடப் படங்கள் சில எடுத்துச் செல்ல வேண்டும்" என்று கேட்டார். அவரும் லினக்ஸ் பயில்பவர். கொடுத்தோம்; மறுநாட் காலை திருப்பித் தந்தார். ஒரு வாரம் சென்றது. ஊரிலிருந்து பாட்டியார் மறைந்தார் என்ற செய்தி வந்தது. சென்று, பதினாறாம் நாட் கடன் முடித்து மீண்டோம். மீண்ட அன்றிரவு, அக்குரலை ஒருமுறையேனும் கேட்டாலன்றி உறக்கம் வாராதென்று தோன்ற, வன்தட்டை இணைத்தோம்.

கோப்புறை திறந்தது, பெயர்கள் தெரிந்தன. முதற் பாட்டு ஓரடி பாடி நின்றது. தட்டினுள்ளிருந்து 'டக்' என்றோர் ஓசை எழுந்தது. திரையில் வன்தட்டு மறைந்தது, சில நொடியில் மீண்டும் தோன்றியது, மீண்டும் மறைந்தது. மற்றொரு முறை இணைத்தபோது, படிக்கலாம் ஆனால் எழுதலாகாது என்னும் நிலையில் நின்றது. நள்ளிரவு வரையிற் செருகுவதும் பிடுங்குவதுமாகவே கழித்தோம். காலையில் எழுந்தவுடன் எம் சிந்தையில் எழுந்தது ஒரே முகம். அடுத்த அறைக் கதவைத் தட்டி, "தம்பி, தட்டைக் கீழே போட்டுவிட்டு மறைக்கின்றாயா?" என்று நால்வர் கேட்கக் கேட்டோம். "இல்லை அண்ணா, முறைப்படி விடுவித்துத்தான் எடுத்தேன்" என்றார் அவர். யாம் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை முகத்திற்கு நேரே சொல்லியும் விட்டோம். அன்று முதல் உணவுக்கூடத்தில் அவர் எம் மேசையை விடுத்து, கடைக்கோடி மேசையில் அமரலாயினார்.

எம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் நெடுநாளாகப் பணிபுரியும் பெரியவர் ஒருவரிடம் வன்தட்டை எடுத்துச் சென்று, நிகழ்ந்ததையெல்லாம் கூறி, இளையவர் மீது யாம் கொண்ட ஐயத்தையும் கூறினோம். அவர் பொறுமையோடு கேட்டிருந்து, "தம்பி, யார் செய்தார் என்பது கிடக்கட்டும், இயந்திரம் என்ன சொல்லுகின்றது என்று கேட்டீரா?" என்றார். யாம் விழித்தோம். அவ்வொரு வினாவே எமக்குத் திறவுகோலாயிற்று.

அவர் முதலிற் கூறியது, இனிச் செருகிப் பிடுங்குவதை நிறுத்துக என்பதே. இரண்டாவது, கோப்பு முறைமையைச் செப்பனிடும் எஃப்.எஸ்.சி.கே. என்னும் கருவியை இப்பொழுது ஏவற்க என்பது. யாமோ முந்திய இரவு அதனை ஏவவே எண்ணியிருந்தோம். செப்பனிடுதலாவது தட்டின்மேல் எழுதுதல். இணைப்பே நிலையில்லாதபோது எழுதப் புகுந்தால், ஆடும் ஏணியில் நின்று கூரை வேய்வாரைப் போல, உள்ளதையும் கெடுப்போம். மேலும் அக்கருவியை, தட்டு தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் நிலையில் ஒருபோதும் ஏவலாகாது.

பின்னர் டிமெஸ்க் என்னும் கட்டளையைத் தட்டச் சொன்னார். லினக்ஸின் கருப்பகுதி, தான் காண்பவற்றையெல்லாம் நொடி பிசகாமற் குறித்து வைக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. அதனை நம் கண்முன் விரிப்பது அக்கட்டளை. வன்தட்டை இணைத்துவிட்டு அதனையே நோக்கியிருந்தோம். மூவகை வரிகள் மாறிமாறி வந்தன. சாதனம் மீட்டமைக்கப்பட்டது என்பது ஒன்று; சாதனம் துண்டிக்கப்பட்டது என்பது ஒன்று; படிப்பதிற் பிழை என்பது ஒன்று. துண்டிக்கப்பட்ட பின் மீண்டும் தோன்றுங்கால் எஸ்.டி.பி. என்றிருந்த அதன் பெயர் எஸ்.டி.சி. என மாறியிருந்தது. பழைய பெயரை நம்பியிருந்த நிரல்களெல்லாம் வெறும் வாயிலைத் தட்டிக்கொண்டிருந்தன. இதனாலேயே, நிலையாக இணைக்க விரும்புவோர் இப்பெயரைக் கொள்ளாது, ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தனியே அமைந்த நீண்ட அடையாள எண்ணைக் கொள்ளல் வேண்டும் என்று பெரியவர் உரைத்தார்.

"இது தட்டின் நோயா, தட்டுக்குச் செல்லும் வழியின் நோயா என்பதை முதலிற் பிரித்தறிவோம்" என்றார் அவர். வழியின் முதற்பகுதி மின்சாரம். யாம் வன்தட்டை மடிக்கணினியில் நேரே செருகாமல், மௌஸும் விசைப்பலகையும் இணைந்திருந்த ஒரு மலிவான ஹப்பிற் செருகுவது வழக்கம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 முறைப்படி ஒரு வாயில் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். 2008-இல் வெளிவந்த 3.0 முறைப்படி 900 மில்லி ஆம்பியர். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப், தான் ஒரு வாயிலிலிருந்து பெறும் இச்சிறு பங்கையே தன்னைச் சார்ந்த அனைத்திற்கும் பகிர்ந்தளிப்பது. சுழல் தட்டோ ஓய்வினின்றும் எழுந்து சுழலத் தொடங்கும் வேளையில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் வரை வேண்டுவது. அது கிட்டாதபோது தட்டு சுழற்சி குன்றி, தலையை மடக்கிக்கொண்டு, மீண்டும் எழ முயலும். யாம் கேட்ட 'டக்' என்னும் ஓசை அதுவே. ஹப்பை நீக்கி நேரே செருகியவுடன் அவ்வோசை ஒழிந்தது. துண்டிப்புகளும் பெரிதும் குறைந்தன.

இரண்டாம் பகுதி கேபிள். கண்ணுக்குக் குற்றமொன்றும் தோன்றாத எம் கேபிளை, செருகியின் அருகிற் சற்றே வளைத்தவுடன் நாட்குறிப்பிற் 'துண்டிப்பு' என்னும் வரி வந்தது. விட்டால் இணைவதும் வளைத்தால் அறுவதுமாக நாலு முறை சோதித்தோம். வேறொரு குறுங்கேபிளை மாற்ற, துண்டிப்பு முற்றும் நின்றது. பைக்குள் வன்தட்டின்மேல் அதனைச் சுருட்டிச் சுருட்டி வைத்தவர் யாமே என்பது அப்பொழுது நினைவிற்கு வந்தது.

மூன்றாவதாக, தட்டினுடைய நலத்தையே உசாவினோம். வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே எண்களாகக் குறித்து வைப்பன. ஸ்மார்ட்சிடிஎல் என்னும் கருவி அவ்வெண்களை வாங்கித் தரும். புறப்பெட்டியினுள் இருக்கும் தட்டாயின், இடையிலுள்ள பாலத்தைக் கடந்து கேட்குமாறு அதற்குச் சொல்லுதல் வேண்டும். யாம் சிறப்பாக நோக்கியவை இரண்டு: கெட்டுப்போய் மாற்றிடம் அளிக்கப்பட்ட பகுதிகள் எத்துணை, படிக்கவியலாது ஐயத்தில் நிற்கும் பகுதிகள் எத்துணை என்பன. இரண்டும் 0. கீழே விழுந்து அடிபட்ட தட்டாயின் இவ்வெண்கள் பெரும்பாலும் வாய் திறந்திருக்கும். "தட்டு நலமே" என்றார் பெரியவர். அச்சொல் எமக்கு மகிழ்ச்சியைத் தந்தது. உடனே மற்றோர் உணர்ச்சியையும் தந்தது. அதன் பெயர் நாணம் என்பதைச் சற்றுப் பின்னரே அறிந்தோம்.

ஆயினும் ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. பெருங்கோப்புகளைத் தொடர்ந்து படிக்குங்கால் 'மீட்டமைக்கப்பட்டது' என்னும் வரி மட்டும் அவ்வப்போது வந்தது. புறப்பெட்டியினுள் தட்டின் மொழியை யூ.எஸ்.பி. மொழியாக மொழிபெயர்க்கும் சிறு மின்சுற்று ஒன்றுண்டு. அதுவே யாம் மேலே பாலம் என்றது. பழைய முறையில் அது ஒரு கட்டளையை முடித்த பின்னரே அடுத்ததை ஏற்கும். யூ.ஏ.எஸ். என்னும் புதுமுறையிற் பல கட்டளைகளை ஒருங்கே ஏற்று விரைவாக இயங்கும். இயங்குவேன் என்று வாக்களித்துவிட்டு, சுமை மிகுங்கால் தடுமாறி நின்றுவிடும் பாலங்களும் உள. அத்தகையவற்றின் பட்டியல் ஒன்று லினக்ஸின் மூலநிரலிலேயே இடம் பெற்றுள்ளது. எம் பெட்டி அதிற் காணப்படவில்லை. ஆதலின், பெட்டியின் உற்பத்தியாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையால் அறிந்து, இதற்குப் புதுமுறை வேண்டா எனக் கணினி தொடங்கும்போதே கருப்பகுதிக்கு அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்தோம். வேகம் சிறிது குறைந்தது. மீட்டமைப்பு வரிகள் அறவே மறைந்தன. விரைந்தோடி இடறுவதினும் மெல்ல நடந்து சேர்தல் நன்றன்றோ?

வழி செம்மையுற்ற பின்னரும் பெரியவர் கோப்புகளைத் தொட விடவில்லை. டிடிரெஸ்க்யூ என்னும் கருவியைக் கொண்டு, தட்டு முழுவதையும் ஆய்வுக்கூடத்துப் பெரிய தட்டொன்றிற் படிவமாக எடுக்கச் செய்தார். இடையில் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடருமாறு கணக்கு வைத்துக்கொள்ளும் கருவி அது. அப்பணி இரவு முழுவதும் நடந்தது. காலையில் அப்படிவத்தின் நகலொன்றின் மீதே எஃப்.எஸ்.சி.கே. ஏவப்பெற்றது. பிழைப்பினும் மூலம் பிழைக்கும் என்பது அதன் கருத்து. அது முடிந்ததும் கோப்புறையைத் திறந்தோம். 41 பதிவுகள் முழுமையாக இருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறையிற் செய்த 2 பதிவுகளுக்குப் பெயர் இருந்தது; அளவு 0 என்றிருந்தது.

அவ்விரண்டும் அவர் கடைசியாகப் பாடிய தாலாட்டும், கடைசியாகச் சொன்ன கதையும் ஆகும்.

யாம் மீண்டும் இளையவரை நினைத்தோம் என்பதை மறைப்பானேன்? வழி கெட்டது எம்மால் ஆயினும், இவ்விரண்டையும் அழித்தவர் அவராயிருக்கலாமே என்று உள்ளம் புறம்புறமாக ஓடிற்று. பெரியவர் எம் முகக்குறிப்பை அறிந்து, "நாட்குறிப்பு நேற்றையது மட்டும் அன்று, பழையதும் இருக்கும்" என்றார். ஜர்னல்சிடிஎல் என்னும் கட்டளை, எம் கணினியிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த பல மாதக் குறிப்புகளைத் திறந்தது. அதனை நவம்பரிலிருந்து படித்து வந்தோம்.

முதல் மீட்டமைப்பு வரி, யாம் ஹப்பை வாங்கிய அதே நவம்பர் வாரத்தில் இருந்தது. இளையவர் தட்டை வாங்கியதற்கு இரண்டு மாதம் முற்பட்டது அது. அடுத்து, ஜனவரி முதல் வாரத்தில், கல்லூரி திறந்த மறுநாள் மாலை 6 மணியளவில், தட்டு இணைக்கப்பட்டது; சில மணித்துளிகளில், விடுவிக்கப்படாமலே துண்டிக்கப்பட்டது. அடுத்த முறை இணைத்தபோது, 'மீட்பு முடிந்தது' என்றொரு வரி. முறைப்படி விடுவிக்காது பிடுங்கப்பட்ட தட்டினை மறுமுறை இணைக்குங்கால் மட்டுமே கோப்பு முறைமை இவ்வாறு கூறும். அம்மாலை எமக்கு நன்கு நினைவிருந்தது. இரண்டு பதிவுகளையும் மடிக்கணினியிலிருந்து தட்டுக்கு மாற்றிவிட்டு, உணவு மணி ஒலிக்கக் கேட்டு, கேபிளைச் சடுதியிற் பிடுங்கிப் பைக்குள் இட்டு ஓடினோம். கடைசியாக, இளையவர் திருப்பித் தந்த நாளின் குறிப்பையும் படித்தோம். பாடக்குறிப்பு ஒன்றை எடுக்க அன்று யாம் தட்டை இணைத்திருந்தோம். அவ்விடத்து 'மீட்பு' என்னும் சொல்லே இல்லை. அவர் கூறியவாறே முறைப்படி விடுவித்துத்தான் எடுத்திருந்தார். எம் தட்டை எம்மினும் நன்றாகப் பேணியவர் அவரே.

அன்று மாலை நிகழ்ந்தது இன்னதென இப்பொழுது விளக்குவோம். கோப்பொன்றைத் தட்டில் எழுதுமாறு நாம் ஏவினால், லினக்ஸ் அதனை உடனே தட்டில் எழுதிவிடுவதில்லை. முதலில் தன் நினைவகத்தில் ஏற்று, 'முடிந்தது' என்று நமக்குச் சொல்லிவிட்டு, பின்னர் வாய்ப்பு நோக்கித் தட்டில் இறக்கும். இவ்விடைவெளி இயல்பாக அரை நிமிடம் வரை நீளலாம், பெருஞ்சுமையாயின் இன்னும் நீளலாம். ஒரு தட்டிலிருந்து மற்றொன்றிற்கு 'மாற்றுதல்' என்பதோ, அங்கே நகலெடுத்து இங்கே அழிப்பதாம். ஆகவே, இங்கே மூலம் அழிந்துவிட்டது. அங்கே நகல் தட்டைச் சென்றடையவில்லை. நடுவழியில் நினைவகத்தில் நின்றதை யாம் கேபிளோடு பிடுங்கி எறிந்தோம். பெயர் மட்டும் பதிந்தது, குரல் பதியவில்லை. தட்டை முறைப்படி விடுவித்திருந்தால், விடுவிக்கும் அச்செயலே நிலுவையில் நிற்கும் அனைத்தையும் எழுதி முடித்திருக்கும். சில நொடி பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது. உணவு ஆறிப்போகும் என்று ஓடினோம்.

மாலையில் அடுத்த அறைக் கதவை மீண்டும் தட்டினோம். முன்பு நால்வர் கேட்கப் பழித்தோமாதலின், அந்நால்வரையும் உடனழைத்துச் சென்று, நாட்குறிப்பின் வரிகளைக் காட்டி, "தம்பி, பிழை எம்முடையது, பொறுத்தருள வேண்டும்" என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "பாட்டியம்மாவின் பாட்டில் ஒன்று கேட்கலாமா அண்ணா?" என்றார். நடவுப் பாட்டு ஒன்றைப் போட்டோம். நடுவே கோழியை அதட்டும் குரல் வந்தது, அனைவரும் நகைத்தோம். யாம் மட்டும் சிறிது நேரம் வெளியே சென்று வந்தோம். மறுநாள் முதல் அவர் எம் மேசைக்கே வந்துவிட்டார்.

இப்பொழுது அந்த 41 பதிவுகளும் மூன்றிடங்களில் உள்ளன: ஒன்று எம்மிடம், ஒன்று ஊரில் எம் சிற்றப்பாவிடம், ஒன்று அவ்விளையவரிடம். ஹப்பை எறிந்துவிட்டோம். தட்டை விடுவித்துவிட்டோமா என்று இருமுறை நோக்கிய பின்னரே கேபிளைத் தொடுகின்றோம். அளவு 0 என நிற்கும் அவ்விரு பெயர்களையும் அழிக்க மனமில்லாது அப்படியே வைத்திருக்கின்றோம்.

அன்பர்களே, உங்கள் வன்தட்டும் ஒருநாள் தடுமாறும். அப்பொழுது முதலில் நாட்குறிப்பைப் படியுங்கள். பின்பு மின்சாரம், கேபிள், பாலம், தட்டு என வரிசையாக ஒவ்வொன்றையும் தனித்தனி சோதியுங்கள். செப்பனிடப் புகுமுன் நகலெடுங்கள். இயந்திரத்திற்கு யாம் கூற வல்லது இவ்வளவே. பழி கூற வாய் எழுங்கால் நோக்கத்தக்க நாட்குறிப்பு ஒன்று நம் எல்லாரிடத்தும் உண்டு. அதனையும் பிறர் கதவைத் தட்டுமுன் ஒருமுறை நவம்பரிலிருந்து படித்துவிடுதல் நலம்.